மென்பொருள் வந்துவிட்டது, நோட்டுப் புத்தகம் போகவில்லை: தொண்டு நிறுவனங்களின் தொழில்நுட்பக் கேள்விகள்

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். மற்ற கேள்விகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால் குறைக்க மனம் வரவில்லை.

கேள்வி: பயனாளிகளின் விவரங்களைப் பதிய ஒரு வருடத்துக்கு முன் புது மென்பொருள் கொண்டுவந்தோம். இரண்டு முறை பயிற்சியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் களப்பணியாளர்கள் நோட்டில்தான் எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். மூன்றாவது முறை பயிற்சி வைக்கலாமா?

வேண்டாம். அதற்குப் பதில் ஒரு களப்பணியாளருடன் ஒரு முழு நாள் கூடவே போய்வாருங்கள். எதையும் சொல்லிக்கொடுக்காமல் சும்மா பாருங்கள்.

பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள். வாசலில் நின்றபடி ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஃபோன். ஆப் திறக்கவே நேரமாகிறது. முதல் பக்கம் கேட்கும் அடையாள எண் அந்தத் தாயிடம் கைவசம் இல்லை. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் வராது. இவர் திரையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்ததும் அந்தத் தாய் சொல்லவந்ததைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். உடனே ஃபோன் பைக்குள் போகிறது, நோட்டு வெளியே வருகிறது. களப்பணியாளர் எடுத்த முடிவு சரியான முடிவு. அவருடைய வேலை அந்தப் பேச்சு, படிவம் இல்லை.

ஒரு புதிய கருவியை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989-இல் இரண்டு காரணங்களை முன்வைத்தார்: இது என் வேலைக்கு உதவும் என்ற எண்ணம், இதைப் பயன்படுத்துவது சுலபம் என்ற எண்ணம். இரண்டில் முதலாவதுக்கே பலம் அதிகம் என்று அவர் கண்டார். பயிற்சி சரிசெய்வது இரண்டாவதைத்தான். 'இதனால் எனக்கு என்ன கிடைக்கிறது' என்ற கேள்விக்கு எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் பதில் கிடைக்காது. இப்போது உங்கள் மென்பொருளால் லாபம் தலைமை அலுவலகத்துக்கு, உழைப்பு களப்பணியாளருக்கு. அதை மாற்றுவதுதான் உங்கள் முதல் வேலை.

படிவத்தை அச்செடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, 'இதை யார் பார்க்கிறார்கள், பார்த்து என்ன முடிவு எடுக்கிறார்கள்' என்று கேளுங்கள். பதில் வராத கட்டத்தை எடுத்துவிடுங்கள். 'பின்னால் தேவைப்படலாம்' என்பது பதில் ஆகாது. அப்புறம், பதிந்தவருக்கே ஏதாவது திரும்பக் கிடைக்கும்படி செய்யுங்கள்: இன்றைக்குப் போகவேண்டிய வீடுகளின் பட்டியல், போன தடவை என்ன பேசினோம், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி தள்ளிப்போயிருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யவேண்டும். கடைசியாக, அலுவலகம் நோட்டைக் கேட்பதை நிறுத்தவேண்டும். மேலாளர் மாதக் கூட்டத்தில் நோட்டைப் புரட்டிப் பார்க்கும்வரை யாரும் நோட்டை விடமாட்டார்கள்.

கேள்வி: தொண்டு நிறுவனம் என்றால் பல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றனவே, எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். டெக்சூப் அமைப்பு 1987-இலிருந்து இந்தத் துறையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் மென்பொருளைத் தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடையாகவும் சலுகையிலும் பெற்றுத் தருகிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட், சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகியவற்றிடமும் தகுதியுள்ள அமைப்புகளுக்குத் தனித் திட்டங்கள் உண்டு. நன்கொடையாளர், உறுப்பினர் விவரங்களைக் கையாள்வதற்கென்றே எழுதப்பட்ட சிவிசிஆர்எம் கட்டற்ற மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணமே கிடையாது.

ஆனால் உரிமம் இலவசம் என்பதால் செலவு இல்லை என்று நிர்வாகக் குழுவிடம் சொல்லிவிடாதீர்கள். பழைய தரவைச் சுத்தம் செய்து ஏற்றுவது, உங்கள் வேலைக்கு ஏற்ப அமைப்பது, புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஏதாவது நின்றுபோனால் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் இப்போதைக்குத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று, உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள். உங்கள் தரவு முழுவதையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) நீங்களே இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று பத்துப் பதிவுகளை ஏற்றி, இறக்கிச் சோதித்துவிடுங்கள். சலுகை விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

கேள்வி: எங்களுக்கு எக்செல் போதாதா?

ஒரே ஆள், ஒரே கோப்பு, சில ஆயிரம் வரிகள் என்றால் தாராளமாகப் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்கு பேர் நான்கு பிரதிகளை வைத்துக்கொண்டு எது சரி என்று ஃபோனில் கேட்டுக்கொள்ளத் தொடங்கும்போதுதான் போதாமல் போகிறது. ஒருவர் 05/04 என்று ஏப்ரல் 5-ஐ எழுத, இன்னொருவர் அதை மே 4 என்று படிப்பதும் அப்போதுதான் நடக்கும். கோப்பின் வகையையும் கவனியுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வகை 65,536 வரிகளோடு நின்றுவிடும். புதியது 10,48,576 வரை தாங்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றாளர்களின் விவரம் கணக்கில் விடுபட்டதற்கு இந்தப் பழைய வகைக் கோப்பின் வரம்புதான் காரணம் என்று செய்திகள் வந்தன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்குத் தகவல் போகவும் தாமதமானது.

கேள்வி: மூன்று நிதியாளர்கள், மூவரும் தங்கள் ஆப்பில்தான் பதியவேண்டும் என்கிறார்கள். ஒரே விவரத்தை மூன்று முறை ஏற்றுகிறோம். மறுத்தால் நிதி போய்விடுமோ என்று பயம்.

இந்தப் பயத்தைச் சுமப்பது நீங்கள் மட்டும் இல்லை. உகாண்டாவில் ஃபோன், கம்ப்யூட்டர் வழியாகச் சுகாதாரப் பணி செய்யும் முன்னோட்டத் திட்டங்கள் ஒன்றோடொன்று ஒருங்கிணைப்பு இல்லாமல் பெருகிப்போய், 2012-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே புதியவற்றுக்குத் தடை போட்டது. அரசாங்கமே கைநீட்டித் தடுக்கவேண்டிய அளவுக்குப் போன நோய் இது.

மறுக்கவேண்டாம், மாற்று வழி கொடுங்கள். மூவரும் கேட்கும் கட்டங்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்பாருங்கள். முக்கால்வாசி ஒன்றாகவே இருக்கும். அவற்றை உங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் ஒரே முறை பதிந்து, ஒவ்வொருவருக்கும் வேண்டிய வடிவில் கோப்பாகத் தருவதாகச் சொல்லுங்கள். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற கருவிகளில் இணையம் இல்லாமலும் பதியலாம், கோப்பாகவும் எடுக்கலாம். கூடவே, களப்பணியாளர்களின் எத்தனை மணி நேரம் இந்த மூன்று ஆப்புகளில் போகிறது என்று ஒரு வாரம் குறித்துக் காட்டுங்கள். எந்த நிதியாளரும் தன் பணம் தட்டச்சில் கரைவதை விரும்பமாட்டார். அடுத்த திட்ட முன்மொழிவில் தரவுப் பணிக்கென்று தனிச் செலவு வரி கேளுங்கள். கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

கேள்வி: எங்கள் மூத்த பணியாளர் ஒருவர் புதிய முறையைத் தொடவே மாட்டேன் என்கிறார். மக்களிடம் அவருக்கு நல்ல மரியாதை. அவரை என்ன செய்வது?

முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள், எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஒரே பெயர், உங்கள் ஆப் ஒருவரை அழித்துவிடும்' என்பது போன்ற விஷயம் அவருக்குத்தான் தெரியும். மென்பொருள் செய்தவருக்குத் தெரியாது.

புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்பதை 1962-இல் விரிவாக எழுதிய எவரெட் ரோஜர்ஸ், ஒரு புதிய விஷயத்தைச் சின்ன அளவில் பரீட்சித்துப் பார்க்க முடிவதையும், அதன் பலன் மற்றவர்கள் கண்ணில் படுவதையும் ஏற்புக்கு முக்கியமாகச் சொன்னார். உங்கள் மூத்த பணியாளருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள்: ஒரு சின்னப் பகுதி, ஒரு மாதம், பிடிக்காவிட்டால் சொல்லும் உரிமை. சொல்லிக்கொடுக்க அவருக்கு நிகரான அனுபவமுள்ள சக பணியாளரை அனுப்புங்கள். புதிதாக வந்த இளைஞர் எல்லார் முன்னாலும் பாடம் எடுத்தால் அவர் மனம் புண்படும். திரை எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்; பிரச்சினை சில சமயம் வெறும் கண்பார்வையாகவே இருக்கும், வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள்.

கேள்வி: நாங்கள் சின்ன அமைப்பு. எங்களை யார் ஹேக் செய்யப்போகிறார்கள்?

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கு நடந்ததைப் பாருங்கள். காணாமல்போனவர்கள், பிரிந்த குடும்பங்கள், சிறையில் இருப்பவர்கள் என 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இருந்த சர்வர்களுக்குள் 2021 நவம்பர் 9 அன்று ஹேக்கர்கள் நுழைந்தார்கள். தெரியவந்தது 2022 ஜனவரி 18. ஒரு மென்பொருள் ஓட்டைக்கான திருத்தம் உரிய நேரத்தில் போடப்படாததுதான் வழி திறந்துவிட்டது. அத்தனை பெரிய அமைப்புக்கே இந்தக் கதி.

உங்களிடம் இருப்பது வெறும் எண்கள் இல்லை. வன்முறையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணின் இப்போதைய முகவரி தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) வையுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், தேவையில்லாத விவரத்தைக் கேட்டு வாங்காதீர்கள். உங்களிடம் இல்லாததை யாராலும் திருட முடியாது.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் அறிக்கை எழுதச் சொல்லலாமா?

மொழியைச் சீராக்க, நீண்ட வரைவைச் சுருக்கப் பயன்படுத்துங்கள். பயனாளியின் பெயர், நோய், முகவரி எதையும் அதில் ஒட்டாதீர்கள். அது தரும் எண்களையும் சரிபார்க்காமல் நிதியாளருக்கு அனுப்பாதீர்கள். இல்லாததை இருப்பதுபோல் எழுதும் பழக்கம் அதற்கு உண்டு.

கேள்வி: ஒரு தன்னார்வலர் அருமையான இணையதளமும் பதிவு மென்பொருளும் செய்து கொடுத்தார். இப்போது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். எங்களால் ஒன்றையும் தொட முடியவில்லை.

அவர் ஃபோன் எடுக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அமைப்பின் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் தொடங்கி, தளப்பெயர் (உங்கள் இணையதள முகவரி, டொமைன்), சர்வர், மென்பொருள் என எல்லாவற்றின் உரிமையையும் அதற்கு மாற்றச் சொல்லுங்கள். எது எங்கே இருக்கிறது, எப்போது பணம் கட்டவேண்டும், காப்புப் பிரதி எப்படி எடுப்பது, அதை எப்படி மீட்பது என்று இரண்டு பக்கத்துக்கு அவரையே எழுதவைத்து, உங்கள் ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துத் தனியாகச் செய்துகாட்டட்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே குறிப்பைத் திருத்துங்கள். இவற்றில் முதலில் பார்க்கவேண்டியது தளப்பெயர் காலாவதியாகும் தேதி. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் இன்னும் அவருடைய சொந்த முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.