கேள்வி – பதில்: நிறுவும் சுமை யார் தலையில்?

கேள்வி: பைத்தான் மொழிக்கான ஒரு திறந்த மூல நிரலகத்தை எழுதி, பைத்தான் நிரலகங்களைப் பகிரும் பைபிஐ தளத்தில் வெளியிட்டிருக்கிறேன். வேகத்துக்காக அதன் ஒரு பகுதியைச் சி மொழியில் எழுதினேன். என் லினக்ஸ் கணினியில் சிக்கலின்றி நிறுவ முடிகிறது. விண்டோஸ் பயன்படுத்தும் மாணவர்களோ பாதியிலேயே பிழை வருகிறது என்கிறார்கள். நிறுவும் முறையை விரிவாக எழுதி வைத்தால் போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: போதாது. நீங்கள் மூலநிரலை மட்டும் பதிவேற்றியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படியானால், நிரலகங்களை நிறுவித் தரும் பிப் கருவி அதை இறக்கி, பயனரின் கணினியிலேயே கம்பைல் செய்ய, அதாவது கணினி நேரடியாக இயக்கும் வடிவத்துக்கு மாற்ற, முயலும். விண்டோஸில் அதற்கு மைக்ரோசாஃப்டின் சி++ கருவிகள் தேவை; அவற்றை நிறுவப் பல ஜிகாபைட் இடம் வேண்டும். லினக்ஸிலும் எல்லோருக்கும் எளிதில் நடந்துவிடாது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில், சி நிரலைக் கம்பைல் செய்யத் தேவையான பைத்தானின் டெவ் பொதி இல்லையென்றால், ‘பைத்தான்.ஹெச்’ என்ற கோப்பைக் காணோம் என்று கம்பைலர் நின்றுவிடும். அந்தக் கோப்பு எதற்கு என்பதே நேற்றுப் பைத்தான் கற்கத் தொடங்கிய மாணவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதற்காகத்தான் 2012-இல் முன்மொழியப்பட்ட ‘வீல்’ என்ற பொதி வடிவம் இருக்கிறது. அது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. கம்பைல் செய்து முடித்த நிரல் அதனுள்ளேயே இருப்பதால், பிப் அதைப் பிரித்து உரிய இடத்தில் வைத்தாலே வேலை முடிந்துவிடும். பைத்தான் பதிப்பு, இயங்குதளம், செயலி வகை ஆகிய மூன்றும் வீல் கோப்பின் பெயரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பயனரின் கணினிக்குப் பொருந்தும் பெயர் கிடைக்காதபோதுதான் பிப் மூலநிரலைத் தேடிப் போகும். பெருமளவு சி நிரல் கொண்ட நம்பை என்ற எண் கணக்கீட்டு நிரலகம் இன்று எளிதாக நிறுவப்படுவது இந்த ஏற்பாட்டால்தான்.

லினக்ஸுக்கான வீலில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் புதிய உபுண்டுவில் கம்பைல் செய்தது, ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்தின் பழைய பதிப்பைக் கொண்ட கணினியில் இயங்காமல் போகலாம். ஆகவே, ஜிலிப்சி 2.17 கொண்ட சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாக வைத்து ‘மெனிலினக்ஸ்2014’ என்ற தரம் வகுக்கப்பட்டது. அதில் உருவாக்கும் வீல், அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ உள்ள கணினிகளில் இயங்கும். இவற்றைக் கையால் செய்ய வேண்டியதில்லை. சிஐபில்ட்வீல் என்ற கருவியை உங்கள் களஞ்சியத்தின் தானியங்கிப் பணியில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் அதுவே வீல்களை உருவாக்கிச் சோதித்துத் தரும். உங்கள் சி பகுதி பைத்தானின் நிலையான ஏபிஐ-க்குள் (பதிப்புகள் மாறினாலும் மாறாத இடைமுகத்துக்குள்) அடங்குமானால், ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனி வீல் தேவைப்படாது. அதற்காகச் சில வரிகளை மாற்றி எழுதுவது பயனுள்ள உழைப்பு.

மூலநிரல் பொதியையும் விட்டுவிடாதீர்கள். லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிப்போருக்கு அதுதான் தேவை. கம்பைல் செய்ய எவை வேண்டும் என்பதைத் திட்ட அமைப்புகளுக்கான பைபிராஜெக்ட்.டாமல் கோப்பில் குறிப்பிடுங்கள். நிறுவுவதற்கான பழைய செட்டப்.பிஒய் கோப்பின் முதல் வரியிலேயே நம்பையை அழைத்திருந்தால், நம்பை இல்லாத கணினியில் அந்தக் கோப்பையே படிக்க முடியாமல் போகும். பொதிகளை உருவாக்கப் பைத்தானோடு வந்த டிஸ்ட்யூடில்ஸை நேரடியாக நம்பியிருந்தாலும் மாற்றியாக வேண்டும்; 2023-இல் வெளியான பைத்தான் 3.12-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் நிரலகம் சார்ந்திருக்கும் பிற நிரலகங்களுக்கு ‘இந்தப் பதிப்பு மட்டுமே’ என்று கட்டுப்பாடு விதிக்காதீர்கள். வேறொரு நிரலகம் அவற்றில் ஒன்றின் மற்றொரு பதிப்பைக் கேட்டால், உங்களுடையதையும் அதையும் ஒரே சூழலில் நிறுவவே முடியாது.

கேள்வி: டெபியன் 12-இல் பிப் மூலம் எதை நிறுவ முயன்றாலும், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுக்கிறது. கட்டாயப்படுத்தி நிறுவும் தேர்வைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அதே பைத்தானைச் சார்ந்திருப்பதால், பிப் மாற்றிவைக்கும் ஒரு பதிப்பு அவற்றைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பைத்தானின் வென்வ் என்ற கருவி மூலம் திட்டத்துக்கு ஒரு தனிச் சூழலை உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். நிரலகம் எழுதுவோரும் தங்கள் அறிமுகக் கோப்பில் சூழலை உருவாக்கும் கட்டளையை முதலில் கொடுத்து, பிப் கட்டளையை அதற்கு அடுத்துத் தர வேண்டும்.