வீட்டைக் கைமாற்றும் முன் கூட்டிக் கழுவிக் கொடுக்க வேண்டுமா? – கேள்வி பதில்

திருகோணமலையில் காணி உறுதி எழுதும் அலுவலகமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வீடு விற்று வெளியேறுவோரின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறார். விற்றவரிடம் திறப்பை வாங்கி, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, வாங்கியவர் கையில் ஒப்படைப்பதும் அவருடைய வேலையாக இருந்தது.

உவர்மலையிலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் வீட்டுக்கு அடுத்த மாதம் உறுதி முடிகிறது. வீட்டைச் சுத்தம் செய்து கொடுக்கும்படி உறுதியில் ஒரு சொல்லும் இல்லை, ஆகவே அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்று அண்ணா சொல்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: உறுதியைப் பற்றி உங்கள் அண்ணா சொல்வது சரிதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறுவது எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்பட வேண்டும். அந்த எழுத்தில் எல்லைகளும் விஸ்தீரணமும் விலையும் இருக்கும், தூசியைப் பற்றி எதுவும் இராது. விற்பனை உடன்படிக்கையில் தனியாக எழுதிக்கொண்டாலன்றி, கூட்டவில்லை என்பதற்காக உங்களை எவரும் வழக்குக்கு இழுப்பது அரிது. ஆனால் வீட்டை ஒழித்துக் கொடுப்பது வேறு விடயம். உடைந்த அலுமாரியையும் பழைய மெத்தையையும் அறைக்குள் விட்டுச் செல்வது, சுத்தம் செய்யாமல் போனதாகாது, வீட்டை முழுதாக ஒப்படைக்காமல் போனதாகும். அவற்றை அகற்றித் தரும்படி கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு.

சட்டத்தை இவ்வளவோடு விடுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விடயம் வேறொரு வழியில்தான் புரிந்தது. பாலையூற்றில் நான் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது எங்கள் மூத்த பிள்ளைக்கு நான்கு மாதம். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் குசினி மூலையில் சாம்பல் அள்ளாத அடுப்பும், அதன்மேல் எண்ணெய் உறைந்து எறும்பு மொய்த்த தாச்சியும் இருந்தன. மறுநாள் காலை நல்ல நேரத்தில் பால் காய்ச்ச வேண்டியிருந்ததால், விடியற்காலை மூன்று மணிக்கு என் மனைவி எழுந்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் சிரட்டையால் அந்தக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கிடத்தத் துப்புரவான ஒரு பாய் அகலத் தரைகூட இல்லாததால், விடியும் வரைக்கும் நான் தோளிலேயே வைத்திருந்தேன். அன்றிலிருந்து, திறப்பை வாங்க வரும்போதெல்லாம் விற்றவரிடம் ஒன்றைத்தான் கேட்பேன்: வருகிறவர்கள் இன்றிரவே இங்கே சமைத்து, குளித்து, படுக்க முடியுமா? முடியும் என்றால் போதுமான அளவு சுத்தம் செய்திருக்கிறீர்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு சகோதரி: எங்களுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: குசினி, மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி என்ற இந்த ஒழுங்கில் தொடங்குங்கள், பிள்ளை. அறைகளுக்கு ஒட்டடை அடித்து, அலுமாரி நின்ற இடங்களையும் கதவு நிலைகளையும் துடைத்துவிட்டால் போதும். குசினியில் அடுப்புக்கு மேலுள்ள சுவரையும், கழுவும் தொட்டியின் அடியிலுள்ள குழாய் வளைவையும் மறக்க வேண்டாம். மீன் கழுவும் வீட்டில் அந்த வளைவில்தான் செதிலும் கொழுப்பும் தங்கி, வீடு பூட்டிக்கிடக்கும் நாட்களில் நாற்றமெடுக்கும். தாங்கியின் அடியில் படிந்த சேற்றை வெளியேற்றி, உட்சுவரைத் தேய்த்து, ஒருமுறை நிரப்பித் திறந்துவிட்ட பின்னரே மீண்டும் நிரப்புங்கள். மலக்குழி நிரம்பியிருப்பது உங்களுக்குத் தெரியுமென்றால், அதை மறைத்து விற்காமல், சபையில் பதிந்து பவுசர் வரவழைத்து எடுத்துவிட்டே கொடுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: புதியவர்கள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்று, மோட்டார் வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்துவிட்டுக் கொடுக்க அப்பா நினைக்கிறார். செய்யலாமா?

பதில்: உங்கள் தந்தையாரின் எண்ணம் மிக நல்லது, ஆனால் நிலாவெளி மணலில் அதை அப்படியே செய்துவிடக் கூடாது. கடலோரத்தில் நாம் அள்ளிக் குடிக்கும் நன்னீர், அடியிலிருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. உவர்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதமே கனமானது. அதனால், மேலே நன்னீர் மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றால், கீழே உவர்நீர் நாளடைவில் ஏறத்தாழ 40 அடி மேலேறப் பார்க்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்களின் கணக்கு. அடிவரை இறைத்து ஒரு நாள் மகிழ்ந்துவிட்டு, மறு வாரம் கரிக்கும் தண்ணீரைப் புதியவர்களுக்குக் கொடுப்பது உங்கள் தந்தையார் விரும்பும் காரியமாக இராது. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைப்பது உவரை இன்னும் மேலே இழுக்கும் என்று நிலத்தடி நீர் அறிந்தவர்கள் எச்சரித்ததும் இதனால்தான்.

ஆகவே மிதக்கும் இலை, குப்பை, உடைந்த வாளி ஆகியவற்றை வலைபோட்டு எடுங்கள். கிணற்றுக் கட்டையும் அதைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளத்தையும் பாசி போகத் தேய்த்து, வெடிப்பிருந்தால் பூசி, அழுக்குத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் வடியாதபடி செய்யுங்கள். குளோரின் இட வேண்டுமென்று தோன்றினால், கிணற்றின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்துகொண்டுபோய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேளுங்கள். இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன்: மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஒருபோதும் இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சு வாயு கிணற்றுக்குள்ளேயே தங்கி, இறங்குபவரையும் அவரைக் காப்பாற்ற இறங்குபவரையும் கொன்றுவிடும்.

லிங்கநகரிலிருந்து ஒரு தங்கை: ஆட்கள் புறப்பட்டுப் போன கையோடு வீட்டைக் கூட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகும் கூட்டக்கூடாது என்று அம்மம்மா தடுக்கிறா. லொறி வருவதோ பின்னேரம். சாமான் ஏற்றிய பிறகுதானே குப்பை தெரியும்?

பதில்: அம்மம்மாவின் மனம் நோகாமலும் வீடு சுத்தமாகவும் வழியுண்டு, தங்கச்சி. வீட்டார் எவரும் புறப்படுவதற்கு முன்னர் கூட்டினால் அந்த வழக்கத்துக்குப் பங்கமில்லை. ஆகவே லொறியைக் காலையில் வரச்சொல்லுங்கள். சாமான் ஏறி முடிந்ததும், வீட்டார் எல்லோரும் விறாந்தையில் இருக்க, ஒருவர் பின் அறையிலிருந்து தொடங்கி வாசல்வரை கூட்டி அள்ளி, கடைசியாக ஈரத்துணியால் துடைக்கட்டும். தரை காய்ந்ததும் அம்மம்மாவே ஒரு விளக்கை ஏற்றிக் கும்பிட்டு, அது குளிர்ந்த பிறகு கதவைப் பூட்டிப் புறப்படலாம். அந்த வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்த முதியவருக்கு இந்த அரை மணி நேரம் கட்டாயம் வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: பழைய சிவப்புச் சீமெந்துத் தரை கறுத்துப்போயிருக்கிறது. யன்னல் கம்பிகள் துருவேறியிருக்கின்றன. குளியலறை ரைல்ஸில் வெள்ளையாகக் கல்லுப்போல் படிந்திருக்கிறது. அசிட் ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: போய்விடும், தரையும் சேர்ந்து போய்விடும். அசிட் சீமெந்தை அரிக்கும், சிவப்புத் தரையில் பட்டால் அந்த இடம் வெளிறிப் பொருபொருத்துவிடும். சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, நன்றாகக் காயவிட்டு, எங்கள் தாய்மார் செய்ததுபோல் பால் பிழிந்த தேங்காய்ப் பூவைத் துணியில் முடிந்து தேய்த்துப் பாருங்கள். அதிலுள்ள எண்ணெயே மினுக்கம் கொடுக்கும். இல்லாவிட்டால் கடையில் விற்கும் சிவப்பு மெழுகு இருக்கிறது. எதைப் பூசினாலும் காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள், இல்லையேல் வருகிறவர் முதல் அடியிலேயே வழுக்கி விழுவார்.

ரைல்ஸில் இருப்பது கிணற்று நீரின் சுண்ணாம்பு. வினாகிரியில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டி வைத்துவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் இளகிவிடும். பிளீச்சிங் பவுடரையும் அசிட் கலந்த மலசலகூடத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றவே வேண்டாம். அவை கலந்தால் குளோரின் வாயு எழும், பூட்டிய குளியலறையில் அது நெஞ்சை அடைத்துவிடும். யன்னல் கம்பியில் படிந்திருப்பது வாடைக்காற்று கொண்டுவந்த கடலுப்பு. நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும், துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது உங்கள் பொறுப்பன்று.

அன்புவழிபுரத்திலிருந்து ஒருவர்: முழு வீட்டுக்கும் புதிதாகப் பெயின்ற் அடித்துக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வருகிறவர் தமக்குப் பிடித்த நிறத்தைத்தான் அடிப்பார். அதோடு, ஓதம் ஊறிய சுவருக்கு மேல் அடிக்கும் பெயின்ற் குறையை மறைப்பதாகிவிடும்.

திருக்கடலூரிலிருந்து ஒருவர்: வாங்கியவர்கள் கனடாவிலிருந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார்கள். இப்போது கழுவினாலும் மறுபடி தூசி படியத்தானே போகிறது?

பதில்: தூசி படியட்டும், அதை ஒரு மணி நேரத்தில் கூட்டிவிடலாம். பூட்டிய வீட்டைப் பற்றி எனக்குள்ள அச்சம் நுளம்புதான். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டபோது, அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவிலும் எங்கள் மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. டெங்கு நுளம்பு தண்ணீர் நிற்கும் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடுகிறது. தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வாளி, பூச்சாடித் தட்டு, குளியல் தொட்டி எதுவானாலும் கவிழ்த்துவிடுவது மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே கவிழ்க்க வேண்டும்.

கூரைப் பீலியிலுள்ள சருகை அள்ளுங்கள். வளவில் கிடக்கும் சிரட்டை, ரின், பொலித்தீன் பை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கமோட்டின் மூடியை மூடி, அதன் மேல் பொலித்தீன் விரித்துக் கட்டுங்கள். தாங்கியின் மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று ஏறிப் பாருங்கள். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். அயல்வீட்டார் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து, வாரம் ஒருமுறை வளவைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் புறப்படுவது அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் நல்லது.

நகரிலிருந்து ஒரு அம்மா: எங்கள் வீட்டை ஒரு முஸ்லிம் குடும்பத்தினர் வாங்கியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். சுவாமி அறையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: அம்மா, சுவாமிப் படங்களில் ஒன்றைக்கூட அங்கே விட்டுச் செல்லாதீர்கள். அவற்றை அகற்றும் சங்கடத்தை அந்த நல்ல மனிதர்கள் தலையில் போடுவது முறையன்று. எடுத்துச் செல்ல முடியாத பழைய படங்களை என்ன செய்வது என்று உங்கள் கோயில் ஐயரிடம் கேளுங்கள். சுவரிலுள்ள விளக்குக் கரியை முதலில் காய்ந்த துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள், ஈரம் பட்டால் கரி சுவரெங்கும் பரவும். அதன் பின்னரே சவர்க்காரத் தண்ணீர். குங்குமக் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் நிலத்தில் இருந்தால் கழுவி, ஆணிகளைப் பிடுங்கித் துளைகளை அடைத்துவிடுங்கள். வாசல் நிலையில் கட்டிய மாவிலைத் தோரணத்தையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொருவர்: வாங்கியவர் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார். அதற்கும் கழுவ வேண்டுமா?

பதில்: இடிப்பது உறுதியென்றால் வேண்டாம். பூச்சிமருந்துப் போத்தல், காலாவதியான மாத்திரை, உடைந்த கண்ணாடி ஆகியவற்றை மட்டும் அகற்றிவிடுங்கள், இடிக்க வரும் கூலியாட்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். அஸ்பெஸ்ரோஸ் கூரையை நீங்கள் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மற்றொருவர்: மின்விசிறிகளையும் தண்ணீர் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போகலாமா?

பதில்: நிலத்தோடும் கட்டடத்தோடும் நிலையாகப் பொருந்தியவை விற்பனையோடு போகும் என்பதே பொதுவான நியதி. எது நிலையானது என்பதில்தான் சண்டை வரும். ஆகவே எதை எடுக்கிறீர்கள் என்று முற்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய இடத்தில் கம்பி முனைகளை மூடிவிட்டுப் போங்கள்.

பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி: வாங்கியவர் எங்கள் அவசரத்தை அறிந்து விலையை மிகவும் குறைத்துவிட்டார். அப்பா அதனால் நொந்துபோயிருக்கிறார். வாங்கியவருக்காக நாங்கள் ஏன் முதுகு முறியக் கழுவ வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் அப்பாவின் மனவருத்தம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். விலையைக் குறைத்தவர் அந்த மனிதர். ஆனால் முதல் நாள் அந்தக் குசினிக்குள் நுழையப்போவது பெரும்பாலும் அவருடைய மனைவியும் தாயும் பிள்ளைகளும்தான், அவர்கள் உங்களோடு விலை பேசவில்லை. முதுகு முறிய வேண்டாம். அடுப்படி, மலசலகூடம், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டும் செய்யுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். அப்பாவை அந்த வேலையில் சேர்க்காதீர்கள், நீங்களும் நண்பர்கள் இருவரும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். பழைய தும்புத்தடியைக் குப்பையோடு எறிந்துவிட்டு, மின்மானியையும் நீர்மானியையும் அன்றைய திகதியோடு படம் எடுத்து, கடைசிப் பட்டியல்களையும் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் குசினி மேசையில் வைத்து, எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு என்று சிறு துண்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். வாங்கியவர் கையில் திறப்பைக் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லையென்றால், நொத்தாரிசின் அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.