டிவிடெண்ட் வந்தது சரி, ரிட்டர்னில் எவ்வளவு போடுவது?

அல்சூரில் சின்னதாக ஒரு வரிக்கணக்கு ஆபீஸ் நடத்துகிறேன். பெங்களூரு நண்பர்கள் டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணம், பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். எல்லாமே 2025-26 நிதியாண்டுக் கணக்கு.

சார், வங்கிக்கு 13,500 வந்திருக்கு. அதைத்தானே காட்டணும்? (ராமமூர்த்தி நகர்)

இல்லை. உங்களிடம் 1,000 பங்கு, பங்குக்கு 15 ரூபாய், ஆக வருமானம் 15,000. அதில் 10 சதவீதம், அதாவது 1,500 ரூபாயை டிடிஎஸ் (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இதர வருமானத்தில் 15,000 போடுங்கள், 1,500ஐக் கட்டிய வரியாகக் காட்டுங்கள். 13,500 என்று போட்டுவிட்டு 1,500க்கும் கிரெடிட் கேட்டால் ஏஐஎஸ்ஸில் (உங்கள் வருமானம் பற்றி வரித்துறை தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்) இருப்பதோடு ஒத்துப்போகாது, அப்புறம் நோட்டீஸ் வந்துவிட்டது என்று என்னிடம்தான் ஓடி வருவீர்கள்.

பத்தாயிரத்துக்குள் வந்தால் வரி கிடையாதாமே? (டொம்லூர்)

அது டிடிஎஸ் பிடிப்பதற்கான வரம்பு. ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் 10,000 ரூபாய் வரை கொடுத்தால் பிடிக்காது, 2025 ஏப்ரலுக்கு முன் இது 5,000ஆக இருந்தது. நீங்கள் 200 ரூபாய் வாங்கியிருந்தாலும் காட்டத்தான் வேண்டும். கம்பெனியே வரி கட்டி, நம் கைக்கு வரியில்லாமல் வந்த காலம் 2020 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

எச்ஏஎல்லில் ஓய்வு பெற்றவன். எனக்கு வரியே வராது, ஆனாலும் பிடிக்கிறார்கள்.

ஐயா, 2025-26க்கு 15எச் படிவம் (எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழி) கொடுத்திருக்க வேண்டும். வங்கியில் கொடுத்திருந்தால் அது வங்கி வட்டிக்கு மட்டும்தான். பங்குக்கு அந்தந்தக் கம்பெனியின் பதிவாளரிடம் தனித்தனியாக, வருடா வருடம் கொடுக்க வேண்டும், அலுப்பான வேலைதான். ஏற்கெனவே பிடித்தது ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும்.

டிவிடெண்டைக் காலாண்டு வாரியாக ஏன் கேட்கிறார்கள்? மொத்தத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டேன். (ஜெயநகர்)

அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான், நஷ்டம் உங்களுக்கு. பிப்ரவரியில் வந்த டிவிடெண்ட் ஜூனில் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் அதற்கான முன்வரியை (வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) மீதமுள்ள தவணையில் கட்டியிருந்தால், முந்தைய தவணைகளுக்கு 234சி வட்டி, அதாவது தவணை குறைந்ததற்கான வட்டி, கிடையாது. முதல் கட்டத்தில் தூக்கிப் போட்டால், ஜூன் 15க்கு முன்பே வந்த பணம் என்று வரித்துறைக் கணினி எடுத்துக்கொண்டு வட்டி போட்டுவிடும்.

ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை. ஆர்எஸ்யூவாக (சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்கு) கிடைத்த அமெரிக்கப் பங்கில் 100 டாலர் டிவிடெண்ட், கைக்கு வந்தது 75. அங்கேயே வரி பிடித்தாச்சே அண்ணா?

தம்பி, இந்த ஊரில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இங்கேயும் 100ஐத்தான் காட்ட வேண்டும். டிவிடெண்ட் வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் எஸ்பிஐ டிடி (TT, டிமாண்ட் டிராஃப்ட் அல்ல) வாங்கும் விலையில், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை அந்த வங்கி வாங்கும் விலையில், ரூபாயாக மாற்றுங்கள். அங்கே பிடித்த 25ஐ இங்கே வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்குப் படிவம் 67 போட வேண்டும். ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் உங்களுக்கு ஆகாது. புரோக்கர் தரும் 1042-எஸ் (அமெரிக்காவில் வரி பிடித்ததற்கான படிவம்) ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு, நம் வருமானமோ ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஆகவே மாத ஸ்டேட்மெண்டை எடுத்துவைத்துக் கூட்டுங்கள். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் எஃப்ஏ அட்டவணைக்கு மட்டும் ஜனவரி-டிசம்பரே சரி. அதை விட்டுவிடாதீர்கள், கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரைக்கும் இழுக்கும்.

டீமேட் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) கட்டணத்தை டிவிடெண்டில் கழிக்கலாமா?

முடியாது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தால் அந்த வட்டி மட்டும், அதுவும் டிவிடெண்டில் 20 சதவீதம் வரைக்கும்தான்.

என் பங்குகளை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டேன். இனி டிவிடெண்ட் அவர் கணக்கில்தானே? (இந்திரா நகர்)

நல்ல யோசனைதான் சார், சட்டம் எழுதியவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. சும்மா கொடுத்த பங்கின் டிவிடெண்ட் உங்கள் வருமானத்தில்தான் சேரும். அந்த டிவிடெண்டை அவர் வேறெதிலாவது போட்டு, அதில் வருவது மட்டும் அவருடையது.