நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சமா? தொப்பூர் இறக்கமும் கருகிய பிரேக்கும்

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறோம். மாதம் ஒரு முறை வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் காரில் சேலம் கிளம்பிவிடுவோம். போன முறை நான் ஓட்டினேன். தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் ஏதோ கருகுகிற வாடை. பிரேக்கும் வழக்கத்தைவிட உள்ளே போவதுபோல் இருந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு லேசாகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனால் டீசல் மிச்சம் என்று மாமனார் சொல்லியிருந்தார், அப்படித்தான் ஓட்டினேன். கோளாறு வண்டியிலா, என்னிடமா? மேனுவல் கியர் டீசல் கார், வாங்கி நான்கு வருடம் ஆகிறது.

பதில்: வண்டியில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முதல் காரணம் நியூட்ரல்தான்.

கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. நான்கு பேரோடும் மூட்டை முடிச்சோடும் ஒன்றரை டன்னுக்கு மேல் போகும் வண்டியைச் சரிவு முழுக்கப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். தாங்கிய அத்தனையும் சூடாகத்தான் மாறும். சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு குறையும். உங்களுக்கு வந்த வாடை அதுதான்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, பெடல் உள்ளே போனது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஈரம் ஏறியது 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். அப்புறம் நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழியைத்தான் நசுக்கும், பிரேக்குக்குப் போய்ச் சேராது.

டீசல் விஷயத்துக்கு வருவோம். மாமா ஓட்டிய காலத்து வண்டிகளுக்கு அவர் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். இன்றைய கார்களில் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றவைக்கும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓடவே கொஞ்சம் டீசல் வேண்டும். ஆக, மிச்சமே கியரில்தான். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அது தற்கொலைக்குச் சமம்: சில மிதிகளில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

நியூட்ரலே போடாதவர்களும் பெங்களூருவில் பழகிய காலால் இதே தப்பைச் செய்வார்கள். சில்க் போர்டு, பொம்மனஹள்ளி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, பிரேக்கைத் தொடும்போதே கிளட்சையும் மிதிப்பது கைவந்த பழக்கமாகிவிடும். கிளட்ச் மிதிபட்டிருக்கும்வரை வண்டி நியூட்ரலில் இருப்பதாகத்தான் அர்த்தம். இறக்கத்தில் கிளட்ச் கியர் மாற்ற மட்டும். மற்ற நேரத்தில் இடது காலை அதன்மேல் வைக்கவே வேண்டாம். சேலம் வரை காத்திருக்காமல், கூட்டமில்லாத ஒரு நாளில் நந்தி மலை இறக்கத்தில் பழகிப் பாருங்கள்.

தொப்பூரில், பாளையம் டோல்கேட் தாண்டியதுமே, சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியருக்கு வாருங்கள். அதிலும் வேகம் ஏறினால் இரண்டாவது. எஞ்சின் சத்தம் கூடும்; எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பயப்பட வேண்டாம். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகாமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும். நாளை ஆட்டோமேட்டிக் கார் வாங்கினாலும், அதில் குறைந்த கியரில் ஓட்டும் எல் அல்லது மேனுவல் மோடு இதற்குத்தான் இருக்கிறது.

நீங்கள் ஒழுங்காக இறங்கினாலும் பின்னால் வரும் லாரி நியூட்ரலில் வரலாம். இரட்டைப் பாலம் பக்கம் லாரிகள் அடுத்தடுத்து மோதிக்கொண்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதனால் இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டாதீர்கள். கண்ணாடியில் ஒரு லாரி பெரிதாகிக்கொண்டே வந்தால் வழிவிட்டு ஒதுங்குங்கள், போட்டி வேண்டாம்.

மறுபடி பெடல் உள்ளே போனால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நின்று 1033-ஐக் கூப்பிடுங்கள், அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். வெறும் வாடை மட்டும் வந்தால் சரிவில் நிறுத்தாமல் சமதளம் வந்து ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை இரவுப் பயணம் எனக்குப் பிடிக்கவில்லை. வாரம் முழுக்க உழைத்த களைப்பு, அத்திப்பள்ளி தாண்டவே ஒரு பாடு, அதற்குப் பிறகு நள்ளிரவை ஒட்டித் தொப்பூர். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் அதே இறக்கத்தை நல்ல வெளிச்சத்தில், தூங்கி எழுந்த கண்ணோடு இறங்கலாம்.

அடுத்த பயணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பேடைப் பார்த்து 'இன்னும் கனம் இருக்கிறது' என்று அனுப்பிவிடுவார், விடாதீர்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது அது. நான்கு வருடமாக மாற்றவே இல்லையென்றால், மாற்றும் வரை சேலத்துக்கு ரயிலில் போங்கள்.