மாமா விட்டுச்சென்ற பழைய வால்வு கிட்டார் ஆம்பை எப்படிப் பாதுகாப்பாக ஆன் செய்வது?

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த 60-களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், இருபது வருடம் சென்னையில் பரணில் கிடந்தது. நம் வீட்டு மின்சாரத்தை அமெரிக்க அளவுக்குக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம். "ஒரே ஒரு தடவை" என்று போட்டதில் டிரான்ஸ்பார்மர் கருகிய நல்ல ஆம்ப்களைப் பார்த்திருக்கிறேன்.

வால்வுகள், அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள், சும்மா கிடந்தால் பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். சேசிஸில், அதாவது பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தில், ஒரு தகர மூடிக்குள் 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்று ஐந்து உருளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டு அவை ஷார்ட் ஆனால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வும் பவர் டிரான்ஸ்பார்மரும் கூடவே போகும். பயஸ் சப்ளையில் இன்னொரு சின்ன கண்டென்சர் உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அது போனால் 6வி6 எனும் பவர் வால்வுகளைக் கட்டுப்படுத்தும் நெகட்டிவ் வோல்ட்டேஜ் இருக்காது, வால்வுக்குள் இருக்கும் உலோக பிளேட் சிவக்கச் சிவக்கக் காய்ந்து வால்வு வீணாகும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். பழையவற்றைக் கவரில் போட்டு ஆம்புடனே வைத்தால் போதும்.

வோல்ட்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெல்ல மெல்ல ஏற்றினால் கண்டென்சர் தேறிவிடும் என்பார்கள். இதில் ரெக்டிஃபையரே வால்வு. அதன் இழை சூடாகும்வரை கண்டென்சருக்கு டிசி போகவே போகாது, பிறகு ஒரேயடியாக வரும். அதனால் நம்பாதீர்கள்.

அடுத்தது வயர். பழைய இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று பின் வயர் போட வேண்டும். கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேசிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரை வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே மெயின்ஸ் வரும். ஸ்டெப்-டவுனிலும் எர்த் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும், ஆகவே 120 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்தபின் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு போதும்: 100 வாட் குண்டு பல்பு, அதன் வழியாக ஸ்டெப்-டவுன், பிறகு ஆம்ப். ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும்; அது இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். முதலில் எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், உள்ளே ஷார்ட். சரியாக இருந்தால் வால்வுகளை அதனதன் இடத்தில் செருகி மறுபடி பாருங்கள். பல்பு சற்றே கூடுதலாக எரிவது சகஜம்.

உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நிற்கும். 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சேசிஸோடு கிளிப் போட்டு, மறுமுனையால் கண்டென்சரை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்த வேலை பழக்கமில்லை என்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம், வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டையில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து 'பி' (P) என்றால் ஆம்ப் செய்த ஆண்டு 1966, 'ஓ' (O) என்றால் 1965. அதைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.