சென்னைக்குக் குடிவந்தால் மாதம் எவ்வளவு ஆகும்?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் மலேசியா, கிள்ளானில் இருக்கிறோம். என் கணவரை அவருடைய கம்பெனி இரண்டு வருடத்துக்குச் சென்னைக்கு அனுப்புகிறது, ஆபீஸ் சிறுசேரியில். வரி போகக் கையில் மாதம் 1,80,000 ரூபாய் வரும், வீட்டு வாடகையும் அதிலேயேதான். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. 'இந்தியாவில் எல்லாம் மலிவு, பாதி மிச்சம் பிடிக்கலாம்' என்கிறார் மாமியார். விசாரித்தால் ஒருவர் 60,000 போதும் என்கிறார், இன்னொருவர் 3 லட்சம் இல்லாமல் வராதீர்கள் என்கிறார். அங்கே நான் வேலைக்கும் போக முடியாது. பயமாக இருக்கிறது அக்கா.
வாசகி, கிள்ளான்

பதில்: தங்கச்சி, பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 1,80,000 போதும். பாதி மிஞ்சாது, ஆனால் கடன் இல்லாமல் நல்லபடியாக இருந்துகொண்டு மாதம் 40,000, 50,000 எடுத்து வைக்கலாம். அந்த இரண்டு பேர் சொன்னதும் பொய்யாக இருக்காது. 60,000 சொன்னவர் மேடவாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பிள்ளைகள் இல்லாமல், சின்ன வீட்டில் இருப்பவராக இருக்கலாம். 3 லட்சம் சொன்னவர் பெசன்ட் நகர் வீடு, இன்டர்நேஷனல் ஸ்கூல், கார், டிரைவர் என்று இருப்பவர். இந்த ஊரில் உங்கள் மாதச் செலவை முடிவு செய்வது நீங்கள் பிடிக்கும் வீடு. தண்ணீர், கரண்ட், பள்ளி வேன், கணவருடைய போக்குவரத்து எல்லாம் அந்த வீட்டோடு சேர்ந்தே வரும். அதனால் வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வீடு பார்க்காதீர்கள்.

மாதக் கணக்குக்கு முன்னால் ஒன்று. கையில் ஐந்து லட்சம் ரூபாய் தனியாக இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். ஏன் என்றால், இங்கே அட்வான்ஸ் என்று ஒன்று உண்டு, குடிவரும்போது ஓனரிடம் கொடுத்துக் காலி செய்யும்போது திரும்ப வாங்கும் முன்பணம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்த 'வேறு விதமாக ஒப்பந்தம்' என்பதைப் பிடித்துக்கொண்டு இன்றும் ஐந்து மாதம், ஆறு மாதம், சிலர் பழைய வழக்கப்படி பத்து மாதம் கேட்கிறார்கள். நாவலூர், சிறுசேரி, படூர் பக்கம் நல்ல அபார்ட்மென்டில் மூன்று படுக்கையறை வீடு 30,000, 35,000க்குள் கிடைக்கும். 32,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத அட்வான்ஸ் 1,92,000, முதல் மாத வாடகை 32,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 32,000. வீட்டில் கால் வைப்பதற்குள் இரண்டரை லட்சம் போய்விடும். அதன்பிறகு பிள்ளைகளின் அட்மிஷன். அப்புறம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், ஏசி. உங்கள் ஊரில் வாடகை வீட்டில் பாதிச் சாமான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே 'செமி ஃபர்னிஷ்டு' என்றால் அலமாரியும் சமையலறை மேடையும்தான், ஏசி பெரும்பாலும் குடிவருகிறவர் வாங்கி மாட்ட வேண்டியது. முதல் மாதத்துக்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்காமல் வாடகைக்குச் சாமான் தரும் கடைகளில் எடுங்கள், இரண்டு வருடம்தானே.

அட்வான்ஸ் விஷயத்தில் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் மஸ்கட்டில் இருந்து வந்து பிடித்த முதல் வீட்டுக்கு 12,000 வாடகை, 1,20,000 அட்வான்ஸ். காலி செய்த அன்று ஓனர் கையில் ஒரு பேப்பர் வைத்திருந்தார். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, பாத்ரூம் கதவுக்கு 7,000, ஃபேனுக்கும் குழாய்களுக்கும் 4,000. போக 97,000தான் கையில் வந்தது. அந்தக் கதவின் அடிப்பக்கம் நாங்கள் குடிவந்த அன்றே தண்ணீரில் ஊறி உப்பி, அப்பளம் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் காட்டுவதற்கு ஒரு போட்டோ இல்லை. அதனால் சாவி வாங்கும்போதே ஓனரோ புரோக்கரோ பக்கத்தில் இருக்க, ஒவ்வோர் அறையாக வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெயின்டிங்குக்குக் கழிப்பார்களா, எவ்வளவு என்று அக்ரிமென்டில் எழுதி வாங்குங்கள். அக்ரிமென்டை வாடகை ஆணையத்தில் ஆன்லைனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இப்போது தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வற்றி, ஓ.எம்.ஆர். (சிறுசேரி வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலை) ஆபீஸ்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன ஊர் இது. இப்போது அந்த நிலை இல்லை, ஆனால் ஓ.எம்.ஆரில் நிறைய அபார்ட்மென்டுகள் இன்னும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அந்தக் காசு மெயின்டனன்ஸ் என்ற பெயரில் உங்களிடம் வரும், கோடையில் ஏறும். வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் ஆழ்துளைக் கிணற்று (போர்வெல்) தண்ணீர். ஷவரின் துளைகளைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தால் உங்கள் வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் அதுதான் கதி. 'மெட்ரோ வாட்டர் (அரசுக் குடிநீர் வாரியம்) கனெக்ஷன் இருக்கா, வாரத்துக்கு எத்தனை லாரி வருது?' என்று செக்யூரிட்டி அண்ணனிடம் கேளுங்கள். ஓனரைவிட அவர் சரியாகச் சொல்வார். குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் வாங்குவீர்கள், ஒன்று 40 ரூபாய் மாதிரி, உங்கள் குடும்பத்துக்கு மாதம் பதினைந்தாவது ஆகும்.

அதே செக்யூரிட்டியிடம் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது என்றும் கேட்டுவிடுங்கள். கேட்காமலும் தெரிந்துகொள்ளலாம். கீழ்த்தளத்தில் ஈ.பி. (மின்வாரிய) மீட்டர் பெட்டியையும் ஜெனரேட்டரையும் பாருங்கள். தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால், ஜெனரேட்டருக்கு இடுப்பளவு மேடை கட்டியிருந்தால், அந்தத் தெரு நீந்தியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் அழகான வீடு வாடகை குறைவாகக் கிடைக்கும். தரைத்தளம் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அங்கே மிச்சம் பிடிக்கிற 5,000 ரூபாய் ஒரே ஒரு நவம்பர் மழைக்குக் காணாது.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற சலுகை விலையும் கொஞ்சம் கைவிட்டுப் போகும். ஏப்ரல், மே, ஜூனில் இரண்டு ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் 1,200 யூனிட் சாதாரணம், பில் 9,000 ரூபாயைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் அதில் கால்வாசிகூட வராது. மாதத்துக்கு 3,500 என்று வருடம் முழுக்க எடுத்து வையுங்கள், கோடையில் நெஞ்சு பதறாது. தனி வீட்டில் மாடி போர்ஷன் பார்த்தால் தனி ஈ.பி. மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9, 10 ரூபாய் என்று ஓனரே வசூல் செய்கிற வீடுகள் நிறைய. அங்கே சலுகை விலை உங்களுக்கு வந்து சேராது.

சரி, மாதக் கணக்கு. வாடகையும் மெயின்டனன்ஸும் 37,000. மளிகை, காய்கறி, பால், மீன், கேஸ், கேன் தண்ணீர் சேர்த்து 24,000. ஆவின் அரை லிட்டர் பாக்கெட் தினம் மூன்று என்றால் பாலுக்கே 2,000 மாதிரி. மீன் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் கோவளத்தில் காலையில் போய் வாங்கலாம். ஆனால் உங்கள் ஊர் சாமான்களை, பிளாச்சானோ (இறால் விழுது) சம்பால் பேஸ்ட்டோ, இங்கே தேடி வாங்கினால் இறக்குமதி விலைதான், வருகிறபோதே கொண்டு வாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பாத்திரம், பெருக்கித் துடைப்பது இரண்டுக்கும் 4,500. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அதை மறந்துவிடாதீர்கள். நெட், போன் 2,000. போக்குவரத்து 8,000, கணவரின் ஆபீசுக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால். மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வேலை நடக்கிறது, அது முடிகிறவரை ஓ.எம்.ஆரில் எட்டரை மணிக்கு வண்டி எடுக்கிறவர் படும் பாட்டை நான் தினம் பார்க்கிறேன். அடையாறில் வீடு பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் இதற்காகவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம்தான் பெரிய செலவு. சி.பி.எஸ்.இ. (மத்தியப் பாடத்திட்டம்) பள்ளி என்றால் பிள்ளைக்கு வருடம் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம், வேன் தனி. இருவருக்கும் சேர்த்து மாதத்துக்கு 28,000 ஒதுக்குங்கள். இன்டர்நேஷனல் பள்ளி என்றால் ஒரு பிள்ளைக்கே நான்கு ஐந்து லட்சத்தில் ஆரம்பிக்கும், உங்கள் சம்பளத்துக்கு அது வேண்டாம். பிள்ளைகள் அங்கே தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால் மனதார வாழ்த்துகிறேன். 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தால் இங்கே பள்ளிகளில் தமிழ் உண்டு, வேறு நாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் திணறுகிற இடத்தில் உங்கள் பிள்ளைகள் முன்வரிசையில் உட்காருவார்கள்.

மருத்துவக் காப்பீடு, வெளியில் சாப்பாடு, கோயில் குளம், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் 16,000. வருடத்துக்கு ஒரு தடவை நான்கு பேருக்கும் ஊருக்கு டிக்கெட், மாதத்துக்கு 6,000 என்று வையுங்கள். கூட்டிப் பாருங்கள், 1,30,000க்குப் பக்கத்தில் நிற்கும். முதல் மூன்று மாதம் மட்டும் ஒவ்வொரு பொருளின் விலையையும் வெள்ளியில் (ரிங்கிட்டில்) மாற்றிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வெள்ளிக்கு இருபது சொச்சம் ரூபாய் என்று வகுத்துப் பார்த்தால் எல்லாமே மலிவாகத் தெரியும், கை தாராளமாகிவிடும். வரவு ரூபாயில்தானே?

காகித வேலை இரண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிற வெளிநாட்டவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே முடியும், வீட்டு அக்ரிமென்ட் அதற்குத் தேவைப்படும். ஓனரும் நீங்கள் குடிவந்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு தயங்குகிற ஓனர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, ஓ.எம்.ஆர். வீடுகளின் ஓனர்கள் நிறைய பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். ஓனர் வரிக் கணக்குப்படி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவாக இருந்தாலும் அதில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது உங்கள் கணவரின் பொறுப்பு. உள்ளூர் ஓனர் வீடாகப் பார்ப்பது நிம்மதி, இல்லை என்றால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஷார்ஜாவில் 25 வருடம் முடிந்து நானும் மனைவியும் திரும்புகிறோம். தாம்பரத்தில் சொந்த வீடு, ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாதம் 60,000 வட்டி வரும். போதுமா?
வாசகர், ஷார்ஜா

பதில்: ஐயா, சொந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மோட்டார், வயரிங், மொட்டை மாடி ஒழுகல் என்று இரண்டு மூன்று லட்சம் கேட்கும், அதைத் தனியாக வையுங்கள். மருத்துவக் காப்பீட்டை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏற்கெனவே சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அதற்கான காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கும், பாலிசி எடுத்த நாளில் இருந்துதான் அது ஓடத் தொடங்கும். அங்கிருந்தே இப்போதே எடுங்கள். திரும்பியதும் பேங்கில் சொல்லி என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்குகளை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட்டால் வரிச் சிக்கல் வரும்.

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூர். கிண்டியில் ஐந்து மாதம் பயிற்சி வேலை. தனியாகத் தங்க எவ்வளவு ஆகும்?
வாசகி, சிங்கப்பூர்

பதில்: ஐந்து மாதத்துக்கு வீடு எடுக்காதீர்கள்மா, அட்வான்ஸ் முடங்கும். பெண்கள் பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தனி அறை, சாப்பாட்டோடு 15,000 மாதிரி. சைதாப்பேட்டை, அசோக் நகர், ஆலந்தூர் என்று மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, 2021இல் இருந்து இலவசம். மற்ற செலவுக்கு 15,000 போதும். பி.ஜி.யில் சேரும் முன் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் ஸ்டேஷனில் இருந்து நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.