வயலை ஈடு வைத்து எஞ்சினியர் ஆக்க வேண்டாம்

கிளிநொச்சி முரசுமோட்டையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும், இனி என்ன படிப்பிக்கலாம் என்று கேட்க, மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்கள். பெடியன் உயர்தரம் கணிதப் பிரிவில் இரண்டு தரம் எழுதிவிட்டான். இரண்டு தரமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்குக் கிட்டவும் இல்லை. "மூன்றாம் தரமும் எழுதட்டும், இல்லாட்டி கொழும்பில தனியார் கம்பஸில எஞ்சினியரிங் படிக்கட்டும், பாதிக் காசு நான் தாறன்" என்று கனடாவிலிருக்கிற மாமா சொல்கிறாராம். மற்றப் பாதிக்கு இரணைமடுத் தண்ணியில் விளைகிற வயலை ஈடு வைக்கலாமா என்பதுதான் தகப்பனின் கேள்வி.

ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள், எல்லாம் சரிவரும் என்று சொல்லி அனுப்புவது எனக்கு இலகு. வயல் போகப்போகிற இடத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஐயா, வயலை ஈடு வைக்க வேண்டாம். அம்மா, மூன்றாம் தரமும் வேண்டாம்.

மூன்றாம் தரத்தோடு பல்கலைக்கழக அனுமதிக்கான வாய்ப்பு முடிந்துவிடும். இரண்டு தரம் எழுதியும் புள்ளி பெரிதாக ஏறாத பிள்ளை, அதே ரியூட்டரியில் அதே வாங்கில் இன்னொரு வருசம் இருந்தால் மட்டும் ஏறிவிடுமா? தனியார் பட்டத்தைப் பற்றி மாமாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்கிறதா, எழுத்தில் தருவார்களா? இரண்டாம் வருசம் அவருடைய பாதிக் காசு நின்றால் யார் கட்டுவது? மாமா நல்ல மனிதராகவே இருக்கட்டும். அங்கே அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும், வேலை போகவும் கூடும். வட்டி மட்டும் நிற்காது.

தாதியர், ஆசிரியர் கல்லூரி, வங்கி, கணினி பற்றி ஊரில் எல்லோரும் உங்களுக்குச் சொல்லி முடித்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை.

இவ்வளவு நேரமும் பெடியன் வாயே திறக்கவில்லை. சனிக்கிழமையில் என்ன செய்வாய் என்று கேட்டபிறகுதான் கதைத்தான். பரந்தனில் தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறையில் நிற்பானாம். ஒருநாள் நெல் ஆலை ஒன்றுக்கு 50 மில்லிமீற்றர் விட்டத்தில் சாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைந்திருக்கிறார்கள். கடைந்த சூட்டோடு அளந்தபோது அளவு சரி. பெயாரிங்கைப் போடும்போது லூஸ். அடுத்த சாஃப்டுக்கு இவன், "ஆறட்டும் அண்ணை, சூட்டில அளந்தா பிழைக்கும்" என்று சொல்லி, கடைசி வெட்டைப் பிந்திப் போட வைத்திருக்கிறான். பெயாரிங் இறுகி நின்றது.

அம்மா, உங்கள் பிள்ளை சொன்னது சின்ன விசயம் இல்லை. உருக்கு ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு, ஏறத்தாழ 11.5 மைக்ரோன் நீளும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன். அந்தச் சாஃப்ட் 40 பாகை கூடுதல் சூட்டில் நின்றிருந்தால் விட்டத்தில் 23 மைக்ரோன் பிழைக்கும். பெயாரிங் லூசாக அது போதும். அளவு எடுப்பதற்கான நியம வெப்பநிலை உலகமெங்கும் 20 பாகை. எங்கள் வன்னி மத்தியானம் 35 பாகை. 300 மில்லிமீற்றர் உருக்குத் துண்டு ஒன்று அந்த 15 பாகை வித்தியாசத்தில் 50 மைக்ரோனுக்கு மேல் நீண்டு நிற்கும். இதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி ஓட்டுகிற சீஎன்சி மெஷின்களில் அளவு பிடிப்பது, வெட்டுகிற டூலைச் செட் பண்ணுவது, மெஷினையே சரிபார்ப்பது அவர்களின் வேலை.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மெஷினின் வைஸில், அதாவது பிடிகருவியில், ஒரு துண்டை இறுக்கியாச்சு. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. முந்தி டூலுக்கும் துண்டுக்கும் நடுவில் கடதாசி வைத்து, அது பிடிபடும் வரை மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். இப்போது டூல் நிற்கிற இடத்தில் புரோப் என்ற ஒன்றைப் பூட்டுகிறார்கள். அதன் நுனியில் சின்னச் செயற்கை மாணிக்கக் குண்டு. உள்ளே மூன்று கம்பிகள் ஆறு குண்டுகளில் தங்கி நிற்கும். நுனி துண்டில் பட்டதும் அந்த இருப்புக் குலையும், சமிக்ஞை போகும், மெஷின் அந்தக் கணத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, துண்டு நிற்கும் இடத்தைக் குறித்துவைக்கிற ஒஃப்செட்டில் எழுதும்.

அதோடு முடியவில்லை. நுனி பட்ட கணத்துக்கும் சமிக்ஞை போகும் கணத்துக்கும் நடுவில் குண்டைத் தாங்குகிற மெல்லிய தண்டான ஸ்டைலஸ் ஒரு துளி வளைகிறது. அதனால் 6 மில்லிமீற்றர் குண்டு மெஷினுக்கு 6 ஆகத் தெரியாது, கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை, அளவு தெரிந்த வளையம் ஒன்றைத் தொட்டுப் பிடிப்பதுதான் கலிபிரேஷன். எந்த வேகத்தில் கலிபிரேட் பண்ணினாயோ அதே வேகத்தில்தான் பிறகு அளக்க வேண்டும். ஸ்டைலஸை மாற்றினால், எங்காவது இடிபட்டால், திரும்பவும் செய்ய வேண்டும். சோம்பேறிக்கு இந்த வேலை சரிவராது.

டூலை அளக்கிற டூல் செட்டர் என்ற கருவி மெஷின் மேசையில் இருக்கும். டூல் இறங்கி அதைத் தொட்டுத் தன் நீளத்தைத் தானே பதியும். பல்லுள்ள பெரிய கட்டரின் விட்டத்தை அளக்கும்போது அதைப் பின்பக்கமாகச் சுழற்றித் தொட வைப்பார்கள், முன்பக்கம் சுழன்றால் பல்லு செட்டரை வெட்டிவிடும். மெல்லிய டிரில் ஒன்று முறிந்தது தெரியாமல் அடுத்து மரை வெட்டுகிற டாப் இறங்கினால் அதுவும் முறியும், துண்டும் போகும். வெட்டி முடிந்ததும் நீளத்தைத் திரும்பத் தொட்டுப் பார்க்கிற புரோகிராம் எழுதத் தெரிந்தவனை முதலாளி விடமாட்டார்.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். மெஷினே கோணலாக இருந்தால்? அதில் பூட்டிய புரோப்பும் அதே கோணலோடுதான் அளக்கும், துண்டு சரி என்று பொய் சொல்லும். ஆகவே வெளியிலிருந்து சாட்சி வேண்டும். போல்பார் என்ற நீளும் சுருங்கும் தண்டு ஒன்றை இரண்டு காந்தக் கிண்ணங்களுக்கு நடுவில் பூட்டி, மெஷினை வட்டம் ஓட விடுவார்கள். தண்டின் நீளம் மாறுகிற மாற்றத்தைக் கணினி வட்டமாக வரையும். வட்டம் 45 பாகைப் பக்கம் நீண்டால் இரண்டு அச்சும் செங்குத்தில் இல்லை. அச்சு திரும்புகிற இடத்தில் படி விழுந்தால் அச்சை நகர்த்துகிற ஸ்குரூவில் தளர்வு இருக்கிறது. ஈசிஜி பார்க்கிற வைத்தியர் மாதிரி அந்தக் கோட்டை வாசிப்பவனுக்குத்தான் இதில் மரியாதை.

"பட்டம் இல்லாமல் என்ன மரியாதை" என்று மாமா கேட்பார். இந்தத் தொடு புரோப்பைக் கண்டுபிடித்தவர் டேவிட் மக்மேட்ரி. பிரிஸ்டலில் தொழில் பயிலுநராகத் தொடங்கியவர். கொன்கோர்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கு எரிபொருள் குழாய் அளக்க வேண்டி வந்தபோது இதைச் செய்தார். 1973 இல் ஜோன் டியருடன் சேர்ந்து ரெனிஷா கொம்பனியைத் தொடங்கினார். இதை மாமாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி வழி. 2016 இல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் கிளிநொச்சி அறிவியல்நகரில், நீங்கள் ஆசைப்பட்ட யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிற அதே இடத்தில் இருக்கிறது. மொறட்டுவையிலும் இதே மாதிரிப் பெயரில் ஒரு பழைய நிறுவகம் உண்டு, குழம்பாதீர்கள். இரண்டையும் பாருங்கள். விளம்பரத்தை நம்பாமல் நேரே போய், இயந்திரத் தொழில்நுட்பப் பக்கம் பட்டறைக்குள் விடச் சொல்லிக் கேளுங்கள். சீஎன்சி மெஷின் ஓடுகிறதா, துணி போர்த்தி இருக்கிறதா? ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் மெஷினில் கை வைக்கக் கிடைக்கும்? பயிற்சிக்கு எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள்? கேள்விகளைப் பெடியனே கேட்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமையில் 4 ஆம் மட்டம் எடுத்தபின் 5, 6 என்று டிப்ளோமா, பிறகு 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் யுனிவோடெக் என்ற தொழில்நுட்பக் கல்விப் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருகிறவர்களுக்காகவே 2008 சட்டத்தால் அமைக்கப்பட்டது. பட்டம் வேண்டுமென்றால் சம்பளம் எடுத்துக்கொண்டே பிறகு படிக்கலாம்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். வன்னிக்குள் இந்த வேலையைத் தேடாதீர்கள். கொழும்புக்குக் கிட்ட தொழிற்சாலைகள் இருக்கிற பியகம, கட்டுநாயக்கப் பக்கம் போக வேண்டி வரும். முதல் ஒன்றிரண்டு வருசம் பொத்தான் அமத்துகிற ஒப்பரேட்டர் வேலை, இரவு முறை, சின்னச் சம்பளம். அதற்குள் மெஷினைச் செட் பண்ணுகிற வேலைப் பக்கம் நகராவிட்டால் பொத்தானோடேயே நின்றுவிடுவான். சிங்களம் தெரியாமல் அங்கே ஒப்பேறாது. மெஷின் புத்தகமெல்லாம் ஆங்கிலம். ஆகவே ரியூட்டரிக்கு எடுத்துவைத்த காசில் சிங்கள வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள். மிஞ்சினதில் 0–25 மில்லிமீற்றர் அளக்கிற மைக்ரோமீற்றர் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சிங்கப்பூர் வேலை என்று ஏஜென்சிக்காரர் யாராவது வீட்டுக்கு வந்தால், முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். கையில் இரண்டு வருச அனுபவம் வரும்வரை அவருக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.